காய் சந்தைக்கு, கீரை யாருக்கு?

மழை மறைவு நிலம் என்று புவியியலார் கூறும் பகுதியில் அமைந்திருப்பது வெள்ளகோவில். தென்மேற்குப் பருவக்காற்று சுமந்து வரும் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலை தன் மறுபுறச் சரிவிலேயே வாங்கிக்கொள்கிறது. இங்கு வந்து சேர்வது பெரும்பாலும் வெறுங்காற்று. கிளுவை வேலி அடைத்த கொறங்காடுகளும், அவற்றில் மேயும் காங்கயம் மாடுகளும், செம்மறிகளும், கிணற்று நீர் எட்டும் அளவுக்குத் தென்னையும் என்றே கொங்கின் இக்கீழ்ப்பகுதி நெடுங்காலம் வாழ்ந்து வந்திருக்கிறது. இவ்வறட்சியோடு இணங்கி வாழக் கற்ற மரங்களுள் முதலிடம் முருங்கைக்கே. வெள்ளகோவில், மூலனூர், கன்னிவாடி, அரவக்குறிச்சி, பள்ளப்பட்டி என நீளும் நிலப்பரப்பில் முருங்கை இல்லாத தோட்டம் அரிது. மூலனூர்க் குட்டை முருங்கைக்கெனத் தனிப்பெயரே உண்டு. வெள்ளகோவிலில் ஞாயிறுதோறும் கூடும் முருங்கைக்காய்க் கொள்முதலில் செடி முருங்கை, மர முருங்கை, கரும்பு முருங்கை என வகை பிரித்து விலை பேசுவார்கள். கட்டுக்கட்டாகக் காய்கள் வண்டி ஏறும். காயின் விலை ஏறினால் வட்டாரமே முகம் மலரும். விழுந்தால் பறிகூலிக்கும் கட்டாது என்று காய் மரத்திலேயே முற்றிக் காயும்.

தமிழ்த்துறை மலரில் முருங்கைக்கு என்ன இடம் என்று யாரும் வினவ வேண்டா. அகநானூற்றின் முதற்பாட்டிலேயே, மாமூலனார் பாடிய பாலைத்திணைச் செய்யுளில், முருங்கை நிற்கிறது. தலைவன் கடந்து சென்ற வறண்ட வழியில் சுழற்காற்று வீச, முருங்கையின் வெண்பூக்கள் உடைந்த அலையின் துளிகளாய்ச் சிதறிப் பாலை நிலமே கடற்கரைபோல் தோன்றுகிறது என்பது அப்புலவர் கண்ட காட்சி. ஆடி மாதக் காற்றில் மூலனூர்ச் சாலையில் செல்வோர்க்கு இவ்வுவமைக்கு உரை தேவைப்படாது.

ஆயினும் நாம் இங்குப் பேசவிருப்பது பூவையும் காயையும் பற்றியன்று. அம்மரத்தில் நாம் அலட்சியமாக விட்டுவிடும் இலையைப் பற்றி. அவ்விலையோடு தொடர்புடைய கண்ணைப் பற்றி.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய உணவு அட்டவணையைப் புரட்டினால் ஓர் உண்மை நம்மைச் சற்றுத் திடுக்கிட வைக்கும். 100 கிராம் முருங்கைக்காயில் உள்ள கரோட்டின் 110 மைக்ரோகிராம். அதே மரத்தின் 100 கிராம் இலையில் உள்ளது 6,780 மைக்ரோகிராம். ஏறத்தாழ அறுபது மடங்கு! கண்ணுக்கு நல்லது என்று நகரத்தார் தேடி வாங்கும் காரட்டில் இருப்பது 1,890 தான். வைட்டமின் சி முருங்கை இலையில் 220 மில்லிகிராம், காயில் 120. அகத்திக் கீரையில் கரோட்டின் 5,400, கறிவேப்பிலையில் 7,560. குழம்பில் மிதக்கும் அக்கறிவேப்பிலையைத்தான் நாம் விரலால் ஒதுக்கி இலையோரம் வைத்துவிட்டு எழுகிறோம்.

ஆக, வெள்ளகோவில் வட்டாரம் காயை ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டுக் கீரையை வெள்ளாட்டுக்குப் போடுகிறது. ஆடு கொழுப்பதில் நமக்கு வருத்தமில்லை. அந்த ஆட்டைப் பிரியாணியாக உண்ணும் நம் வீடுகளில், வாரத்தில் எத்தனை நாள் கீரை வேகிறது என்பதே கேள்வி.

கண்ணுக்கும் கீரைக்கும் உள்ள உறவை அறிவியல் எவ்வாறு விளக்குகிறது? உயிர்வளி இன்றி உயிரில்லை. ஆனால் அதே உயிர்வளி தான் தொட்ட பொருளை மெல்ல மெல்லச் சிதைக்கவும் செய்யும். இரும்பு துருப்பிடிப்பதும், அரிந்து வைத்த கத்தரிக்காய் சற்று நேரத்தில் கறுப்பதும் அதன் வேலையே. நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் இத்தகைய சிதைவு இடையறாது நிகழ்கிறது. அதைத் தணிக்கும் பொருள்களையே ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் என்கிறோம். தாவரங்கள் நாளெல்லாம் வெயிலில் நின்று உணவு சமைப்பவை. ஒளியாலும் உயிர்வளியாலும் தமக்கு நேரும் கேட்டைத் தாங்கவே கரோட்டின், லூட்டின், வைட்டமின் சி, வைட்டமின் ஈ முதலிய காப்புப் பொருள்களை அவை ஆக்கி வைத்திருக்கின்றன. இலையை உண்பவர் அக்காப்பில் ஒரு பங்கைக் கடன் பெறுகிறார்.

கண்ணும் இலையைப் போலவே வெயிலில் நிற்கும் உறுப்பு. விழியாடியின் நடுப்பகுதியில் உள்ள புரதங்கள் நாம் கருவில் இருந்தபோது உண்டானவை. தோல் புதுப்பிக்கப்படுவதுபோல் அவை புதுப்பிக்கப்படுவதில்லை. எழுபது ஆண்டு ஒளியையும் அதே புரதம்தான் தாங்க வேண்டும். அவை சிதைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒளி புகாமற் போவதே கண்புரை. இதனாற்போலும், விழியாடியைச் சூழ்ந்த நீரில் வைட்டமின் சி, இரத்தத்தில் உள்ளதைவிடப் பன்மடங்கு மிகுதியாகச் சேர்த்து வைக்கப்பட்டுள்ளது. விழித்திரையின் நடுவே மஞ்சள் புள்ளி என்றோர் இடம் உண்டு. எழுத்தைப் படிப்பதும் முகத்தை அடையாளம் காண்பதும் அவ்விடத்தின் பணி. அந்த மஞ்சள் நிறம் எங்கிருந்து வந்தது? லூட்டின், ஸியாசாந்தின் என்னும் இரு தாவர நிறமிகளிலிருந்து. மனித உடல் இவற்றை ஆக்க அறியாது. கீரையாகவோ, கீரையும் தானியமும் தின்ற கோழியின் முட்டைக் கருவாகவோ உள்ளே போனால்தான் உண்டு. நீல ஒளியை வடிகட்டியும் சிதைவைத் தணித்தும் இவை விழித்திரைக்குத் துணை நிற்கின்றன. படைத்தவன் கண்ணின் நடுவே இலையின் சாயத்தைத் தீட்டி வைத்திருக்கிறான் என்று எண்ணுந்தோறும் வியப்பே மிகுகிறது.

இவ்வளவும் அறிந்த பின், இப்பொருள்களைப் பிரித்தெடுத்து மாத்திரையாக்கி விழுங்கிவிட்டால் போதுமே என்று தோன்றுவது இயல்பு. அறிஞர்க்கும் அவ்வாறே தோன்றியது. அதைச் சோதித்தும் பார்த்தனர். அச்சோதனைகளுள் ஒன்று நம் மதுரை மண்ணில் நடந்தது என்பது நம் மாணவர்கள் அறிய வேண்டிய செய்தி.

மருத்துவர் கோ. வெங்கடசாமி அவர்கள் பணி ஓய்வுக்குப் பின் 1976-இல் 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1997-இல் கோவைக்கும் வந்தது. கண்புரை அறுவையைக் கட்டணமின்றியும் குறைந்த கட்டணத்திலும் செய்து உலகப் புகழ் பெற்ற அந்நிறுவனம் ஆராய்ச்சியிலும் முன்னணியில் நிற்பது. ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் கண்புரையைத் தடுக்குமா என்று அங்கு ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. மதுரையை அடுத்த சிற்றூர்களில் 35 முதல் 50 வயதுக்குட்பட்ட 798 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு சாரார்க்குக் கரோட்டினும் வைட்டமின் சி, ஈ ஆகியனவும் சேர்ந்த மாத்திரை, மறு சாரார்க்குத் தோற்றத்தில் அதையொத்த வெறும் மாத்திரை, வாரம் மும்முறை, ஐந்தாண்டுகள். யார் எதை உண்கிறார் என்பது உண்டவர்க்கும் தெரியாது, சோதித்தவர்க்கும் தெரியாது. முடிவு 2006-இல் வெளியாயிற்று. கண்புரை வளர்வதில் இரு சாரார்க்கும் வேறுபாடு இல்லை.

இம்முடிவை ஏமாற்றம் என்று ஒதுக்கிவிடலாகாது. பொய்யான நம்பிக்கை ஒன்று நம் ஊர் மக்களின் பொறுமையால் களையப்பட்டது என்றே நான் கொள்கிறேன்.

இதன் மறுபக்கமும் உண்டு. 2011-இல் வெளியான மற்றோர் ஆய்வு, வட இந்தியாவிலும் புதுச்சேரியை ஒட்டிய பகுதியிலும் 60 வயது கடந்த 5,638 பேரின் கண்ணையும் இரத்தத்தையும் சோதித்தது. இரத்தத்தில் வைட்டமின் சி மிக்கிருந்த நான்கில் ஒரு பங்கினர்க்குக் கண்புரை இருக்கும் வாய்ப்பு, மிகக் குறைந்திருந்த நான்கில் ஒரு பங்கினரைவிட 39 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டது. அதே மக்களிடம் கண்ட இன்னோர் உண்மை மனத்தை வருத்துவது: வடக்கே நூற்றுக்கு எழுபத்து நால்வரும் தெற்கே நாற்பத்தறுவரும் வைட்டமின் சி பற்றாக்குறையில் இருந்தனர். நெல்லிக்காயும் கொய்யாவும் கீரையும் விளையும் நாட்டில் இந்நிலை!

மாத்திரை பயன் தரவில்லை; உண்பவர் இரத்தத்தில் அச்சத்து மிக்கிருந்தால் மட்டும் புரை குறைந்து காணப்படுகிறது. இது முரண்போல் தோன்றும். இரண்டாவது ஆய்வு ஒரு தொடர்பைக் காட்டுகிறதேயன்றிக் காரணத்தை நிறுவவில்லை என்பதை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும். கீரையும் கனியும் உண்பவர் பீடி குறைவாகக் குடிப்பவராகவோ, சற்று வசதி உடையவராகவோ இருக்கலாம். மேலும் ஐந்தாண்டு மாத்திரைக்கும் ஐம்பதாண்டு உணவுக்கும் வேறுபாடு உண்டு. உணவு ஒற்றைச் சத்து உடையதன்று. ஒரு பிடி இலையில் நூறு பொருள்கள் கூடி நிற்கின்றன. எது எதற்குத் துணை செய்கிறது என்பதை முழுதும் அறிந்தவர் எவருமிலர்.

மாத்திரைக்குப் பயனே இல்லையா எனின், ஒரு நோய்க்கு உண்டு. முதுமையில் மஞ்சள் புள்ளி சிதைந்து நடுப்பார்வை மங்கும் நோய் அது. 2001-இல் வெளியான அமெரிக்க அரசின் பேராய்வில், அந்நோய் நடுநிலையை எட்டியவர்கள் ஆக்சிஜனேற்றத் தடுப்பிகளும் துத்தநாகமும் சேர்ந்த மாத்திரையை உண்டபோது, அது முற்றும் வாய்ப்பு ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 25 விழுக்காடு குறைந்தது. நோய் இல்லாதவர்க்கு அதனால் பயன் காணப்படவில்லை. கண்புரைக்கும் பயனில்லை. 2013-இல் வெளியான தொடர் ஆய்வு, அம்மாத்திரையில் கரோட்டினை நீக்கி லூட்டின் 10 மில்லிகிராமும் ஸியாசாந்தின் 2 மில்லிகிராமும் சேர்க்கலாம் என்று கூறியது.

கரோட்டினை ஏன் நீக்கினர்? பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடம் நடந்து 1994-இல் வெளியான ஆய்வில், கரோட்டின் மாத்திரை உண்டவர்க்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு மிகுந்தது. நன்மை செய்யும் என்று கொடுத்த பொருள் தீமை செய்தது. நம் பெரியவர்கள் சிலர் ஒரு கையில் சிகரெட்டும் மறுகையில் சத்து மாத்திரையுமாக இருப்பதைக் காண்கிறோம். அவர்கள் இச்செய்தியை ஊன்றிப் படிக்க வேண்டும். கீரையாக உண்ணும் கரோட்டின் இத்தீங்கை விளைப்பதாக அறியப்படவில்லை. புகை மட்டும் நுரையீரலுக்கும் கண்ணுக்கும் ஒருசேரப் பகை. கண்புரையையும் மஞ்சள் புள்ளி நோயையும் அது விரைவுபடுத்துகிறது.

இடையே ஒரு செய்தி. அந்த லூட்டின் மாத்திரை எதிலிருந்து செய்யப்படுகிறது தெரியுமா? பெரும்பாலும் செண்டுமல்லிப் பூவிலிருந்து. நம் சத்தியமங்கலம், தாளவாடிப் பக்கத்தில் மாலைக்கென்று மட்டுமன்றிச் சாயம் எடுக்கும் ஆலைகளுக்கென்றும் செண்டுமல்லி விளைவிக்கிறார்கள். அச்சாயத்தின் ஒரு பகுதி கோழித் தீவனத்தில் சேர்ந்து முட்டைக் கருவை மஞ்சளாக்குகிறது; ஒரு பகுதி கண்ணாடிப் புட்டியில் அடைபட்டு மருந்துக் கடையில் ஏறுகிறது. கொங்கு நாட்டு வெயிலில் பூத்த பூ, உலகு சுற்றி வந்து உயர்ந்த விலையில் நமக்கே விற்கப்படுவதாயினும் வியப்பதற்கில்லை. கொல்லையில் நிற்கும் முருங்கையிலும் அதே லூட்டின் இருக்கிறது. அதற்கு விலை கேட்பார் இல்லாததால் மதிப்பும் இல்லை.

குழந்தைகள் பக்கம் வருவோம். ஏனெனில் கீரையின் தேவை அங்கேதான் ஐயத்திற்கு இடமின்றித் தெரிகிறது. வைட்டமின் ஏ குறைந்தால் முதலில் மாலைக்கண். பின்னர் விழிவெண்மையில் நுரைபோன்ற புள்ளி. அதன்பின் கருவிழி உலர்ந்து கரைந்து மீளாக் குருடு. இந்திய அரசு 1970-லேயே குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ மருந்து புகட்டும் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பயன் கண்ணோடு நிற்பதன்று என்பதை நிறுவியவர்களுள் தமிழகத்தைச் சேர்ந்த மருத்துவர் லட்சுமி ரஹ்மத்துல்லா முதன்மையானவர். 15,000-க்கு மேற்பட்ட தமிழகச் சிறு குழந்தைகளிடம் அவர் குழுவினர் நடத்தி 1990-இல் வெளியிட்ட ஆய்வில், வாரந்தோறும் சிறு அளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்தது. உலக மருத்துவ இதழ்கள் போற்றிய அவ்வாய்வைத் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எத்தனை பேர் அறிவோம்?

முருங்கைக் கீரையின் கரோட்டினே உடலில் வைட்டமின் ஏ-ஆக மாறுகிறது. முழுவதும் மாறுவதில்லை, 12 பங்கு கரோட்டினிலிருந்து 1 பங்கு என்பது இன்று கொள்ளப்படும் கணக்கு. எண்ணெயோ நெய்யோ சேராத கீரையிலிருந்து அதுவும் கிட்டாது, கரோட்டின் கொழுப்பில் கரைவதாதலால். பொரியலுக்குத் தாளிக்கும் ஒரு கரண்டி கடலை எண்ணெயும், மேலே தூவும் தேங்காய்த் துருவலும் சுவைக்காக மட்டும் ஏற்பட்டவை என்று எண்ணியிருந்தோம். நம் தாய்மார் சமையலறையில் வேதியியல் நடத்தி வந்திருக்கிறார்கள்.

கண் மருத்துவத்தில் இஸ்லாமிய உலகின் பங்களிப்பை இவ்விடத்தில் நினைவு கூர்தல் பொருந்தும். கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்று கிரேக்க அறிஞர் பலர் கருதியிருக்க, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுள் புகுவதாலேயே பார்வை நிகழ்கிறது என்று பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோதனை வழியே நிறுவியவர் இப்னு அல்-ஹைதம். மோசூலில் பிறந்து எகிப்தில் பணியாற்றிய அம்மார் இப்னு அலி, உட்குழிவான ஊசியால் கண்புரையை உறிஞ்சி எடுக்கும் முறையை எழுதி வைத்தார். பாக்தாதின் அலீ இப்னு ஈஸா எழுதிய கண் மருத்துவ நூல் பல நூற்றாண்டுகள் மருத்துவர் கையில் இருந்தது. இவர்கள் சிறப்பு எதில் உள்ளது? முன்னோர் சொன்னதை மதித்தனர், மதித்துக்கொண்டே சோதித்தனர்.

அம்மரபின் வழி வந்த நாம் இன்று என்ன செய்கிறோம்? கண் சிவந்தால் நந்தியாவட்டைச் சாறு பிழிகிறோம். முருங்கைச் சாற்றில் தேன் கலந்து கண்ணில் விடச் சொல்லும் கைமருத்துவக் குறிப்புகளை நம்புகிறோம். வயலில் சோளத்தட்டையோ முள்ளோ கண்ணில் பட்டால் முதல் மூன்று நாள் இதிலேயே கழிந்துவிடுகிறது. 1994-இல் மதுரையில் மூன்றே மாதங்களில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தபோது, மூவரில் இருவர்க்குச் சற்றேறக்குறையக் கண்ணில் அடிபட்டதே தொடக்கமாக இருந்தது. பாதிப் பேருக்கு அருகில் பூஞ்சையால் புண்ணானவர்கள். அத்தகைய கண்ணில் கழுவாத கையால் பிழிந்த பச்சிலைச் சாற்றை விடுவது நெருப்பில் நெய் வார்ப்பதாகும். கீரை வாய்வழி போக வேண்டியது. கண்வழி போக வேண்டியதன்று.

சுர்மா பற்றியும் மனம் விட்டுப் பேசியாக வேண்டும். அது நபிவழியில் விரும்பப்பட்ட ஒன்று என்பதால் நம் இல்லங்களில் அதற்கு மதிப்பு மிகுதி. நபியவர்கள் சிறப்பித்தது இத்மித் என்னும் அஞ்சனக்கல். இன்று கடைகளில் சுர்மா என்று விற்கப்படுபவை பலவற்றில் ஈயம் கலந்த கனிமம் இருப்பதைச் சோதனைகள் காட்டியுள்ளன. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பெயர் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது. பச்சிளங்குழந்தையின் கண்ணில் அதைத் தீட்டாதிருத்தல் சுன்னத்தை அவமதிப்பதாகாது என்பது என் துணிபு. ஆலிம்கள் இதனை ஜும்ஆ உரைகளில் எடுத்துச் சொன்னால் ஊர் கேட்கும்.

இனி விளம்பரங்கள். முருங்கைப் பொடி, முருங்கைத் தேநீர், முருங்கை மாத்திரை என்று அழகிய டப்பாக்கள் வருகின்றன. நம் உழவர்க்கு அதனால் வருவாய் வருமாயின் மகிழ்ச்சியே. ஆயினும் சில டப்பாக்களின் மேல் அச்சிடப்படும் வாக்குறுதிகளைப் படித்தால் கண் மருத்துவமனைகளை மூடிவிடலாம் என்றே தோன்றும். கண்புரை போகும், கண்ணழுத்த நோய் தீரும், சர்க்கரையால் கெட்ட விழித்திரை சீராகும் என்கின்றன. இவற்றுள் ஒன்றையும் எந்தக் கீரையும் செய்ததாக நிறுவப்படவில்லை. முற்றிய புரைக்கு அறுவையே வழி. 1992-இல் மதுரையில் செயற்கை விழியாடி செய்யத் தொடங்கிய பின் அதன் விலையும் எளியவர் எட்டும் நிலைக்கு வந்தது. கண்ணழுத்த நோய் ஓசையின்றி வரும். பார்வையின் ஓரங்களைத் தின்றபின்பே தன்னைக் காட்டும். இழந்தது மீளாது. நீரிழிவு உள்ளவர் ஆண்டுக்கொரு முறை விழித்திரையைச் சோதித்துக்கொள்ளாமல், பொடியை நம்பி ஈராண்டு கடத்தினால் அந்த ஈராண்டின் இழப்பை எந்த இலை ஈடு செய்யும்? பொடியின் கேடு பொடியில் இல்லை. அதை நம்பிக் கடத்தும் காலத்தில் இருக்கிறது.

பழைய வழக்கிலும் மிகைக்குக் குறைவில்லை. பொன்னாங்கண்ணியைத் தொடர்ந்து உண்டால் பட்டப்பகலில் விண்மீன் தெரியும் என்பார்கள். 'பொன் ஆகும் காண் நீ' என்று அதன் பெயரைப் பிரித்துப் பொருள் சொல்லும் நயத்தில் தமிழாசிரியர்க்கு மயக்கம் உண்டு. மாணவர் அதைச் சொல்நயமாகக் கொள்க, மருத்துவக் குறிப்பாகக் கொள்ளற்க. கரோட்டின் கணக்கில் பொன்னாங்கண்ணி முருங்கைக்கும் அகத்திக்கும் பின்னேதான் நிற்கிறது.

'முருங்கை நட்டவன் வெறுங்கையோடு நடப்பான்' என்பது நம் நாட்டுப் பழமொழி. முதுமையிலும் கோலூன்றாமல் நடப்பான் என்பது அதன் பொருள் என்பர். இன்று அதைக் காய்விலை வீழ்ந்த நாளில் சந்தையிலிருந்து திரும்பும் உழவன் மேல் ஏற்றி வேடிக்கையாகச் சொல்வாரும் உளர். வேடிக்கைக்குள் வலியும் இருக்கிறது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-இல் பி.கே.எம். 1 என்னும் செடிமுருங்கையை வெளியிட்டது. விதை போட்டு ஓராண்டுக்குள் காய் பறிக்கும் வகை அது. முருங்கை அதன்பின் கொல்லை மரம் என்னும் நிலையிலிருந்து பணப்பயிராயிற்று. பணப்பயிரானதும் கம்பளிப்புழுவுக்கும் மொட்டுப்புழுவுக்கும் பூச்சிமருந்து தெளித்தாக வேண்டியதாயிற்று. ஆகவே இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. காய்க்கென வளர்த்து மருந்தடித்த தோட்டத்தில் இலையை உருவி வந்து சமைப்பது நன்றன்று. கீரைக்கென்று மருந்து தொடாத மரம் ஒன்று வீட்டருகே தனியே நிற்க வேண்டும். நூறு ஏக்கர் முருங்கைக்கு நடுவே வாழ்பவரும் தம் வீட்டுக்கென ஒரு மரம் வைக்கத்தான் வேண்டியிருக்கிறது.

ஒடித்து வளர்க்க வேண்டிய மரம் முருங்கை. கிளையை ஒடிக்க ஒடிக்கத் துளிர்க்கும், துளிரே கீரை. உருவிய இலையை அரியாமல் முழுதாகவே அலசி, மூடியிட்டுச் சிறிது நேரம் வேகவைத்தால் போதும். நெடுநேரம் கொதித்தால் வைட்டமின் சி பெரும்பகுதி போய்விடும். கரோட்டின் ஓரளவு நிற்கும். சி போனதை எண்ணி வருந்துவோர் உணவுக்குப் பின் ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ கடித்துக்கொள்ளலாம். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் மாத்திரை உண்ணும் இதய நோயாளிகள் மட்டும், கீரையைத் திடீரெனக் கூட்டுவதற்குமுன் தம் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்; கீரையிலுள்ள வைட்டமின் கே அம்மருந்துக்கு எதிராக வேலை செய்யும்.

நம் சமுதாயப் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். ரமளானில் பள்ளிவாசல்தோறும் அண்டா அண்டாவாக நோன்புக் கஞ்சி காய்ச்சப்படுகிறது. அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, கறி எல்லாம் சேர்கின்றன. இறக்கும் தறுவாயில் இரண்டு முறம் முருங்கைக் கீரையை அதில் இட்டால் கஞ்சியின் சுவை கெடாது. செலவும் ஏறக்குறைய இல்லை. அக்கஞ்சியைத் தூக்குச்சட்டியில் வாங்கிச் செல்லும் வீடுகளில் ஏழைக் குழந்தைகள் இருக்கிறார்கள். ஒரு மாதம் அவர்களுக்கு நாள்தோறும் கீரை கிட்டும். சமயம் பாராமல் அண்டை வீட்டார் அனைவரும் அக்கஞ்சியைப் பருகுவது நம் ஊர்களின் வழக்கமாதலால் பயன் ஊர் முழுதும் பரவும். 'இரவில் கீரை ஆகாது' என்று சிலர் தடுக்கக்கூடும். நோன்பு திறக்கும் அந்திப் பொழுதில் கஞ்சியில் கலந்த ஒரு பிடிக் கீரை யாருடைய வயிற்றையும் கெடுத்துவிடாது.

கல்லூரி விடுதிகளிலும் இதைச் செய்யலாம். வாரம் இருமுறை கீரை என்று உணவுப் பட்டியலில் எழுதுவது எளிது. வழக்கமாக அது பருப்புக்குள் தேடிக் காண வேண்டிய பச்சைப் பொட்டாக வந்து சேரும். சந்தைக் கீரையின் விலையும் ஆய்ந்து எடுக்கும் வேலையும் சமையற்காரரை அயர வைப்பதே காரணம். மரம் அருகில் இருந்தால் பாதிச் சிக்கல் தீரும். முருங்கைக்கு நாற்றுப்பண்ணை வேண்டா. ஆறடி நீளத்தில் முற்றிய போத்தை வெட்டி, மழைக்கு முன் ஊன்றினால் வேர் விடும். விடுதிச் சமையலறையின் பின்புறம், பாத்திரம் கழுவிய நீர் ஓடி வீணாகும் இடத்தில், நான்கு போத்து நட இடம் தாராளமாக இருக்கும். மூலனூரிலிருந்தும் வெள்ளகோவிலிலிருந்தும் படிக்க வரும் மாணவர்கள் அடுத்த விடுமுறை முடிந்து திரும்பும்போது ஆளுக்கொரு போத்து கொண்டு வந்தால் ஆடிக்குள் நட்டுவிடலாம்.